குலுக்கலும் நடுவுநிலையும்

காற்பந்துப் போட்டி என்பது திடலில் நடுவர் ஊதும் முதல் ஊதலோடு தொடங்குவது என்றே பலரும் எண்ணுவர். உலகக் கிண்ணப் போட்டியோ, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பந்தே உதைக்கப்படாத ஒரு மண்டபத்தில் தொடங்கிவிடுகிறது. கண்ணாடிக் குடங்களில் சிறு சிறு பந்துகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய சீட்டு. ஒருவர் கைவிட்டு எடுக்க, இன்ன நாடு இன்ன பிரிவில் என்று அறிவிப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில், பல ஆண்டுகள் பாடுபட்டுத் தகுதி பெற்ற நாடுகளுள் சிலவற்றுக்குப் பாதை புல்வெளியாகவும் சிலவற்றுக்கு முட்காடாகவும் அமைந்துவிடுகிறது.

குலுக்கல் என்றாலே அதில் ஓரவஞ்சனை இராது என்பது பொதுவான நம்பிக்கை. கண்ணை மூடி எடுத்த சீட்டுக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார்? ஆயினும் உலகக் கிண்ணத்தின் ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றைப் புரட்டுவோர் வேறொன்றைக் காண்பர். குறை, சீட்டை எடுத்த கையில் இருந்ததைக் காட்டிலும், எந்தச் சீட்டை எந்தக் குடத்தில் இடுவது என்று முன்கூட்டியே வகுத்த விதிகளில்தான் மிகுதியாக இருந்திருக்கிறது. அவ்விதிகள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு திருத்தப்பட்டன, ஒவ்வொரு திருத்தமும் எந்தப் புதிய குறையைக் கூட்டி வந்தது என்பது சுவையான வரலாறு.

1930ஆம் ஆண்டு உருகுவேயில் நடந்த முதற்போட்டியில் 13 குழுக்களே கலந்துகொண்டன. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவை நான்கு. எல்லாக் குழுக்களும் மொண்டேவிடேயோ நகரை அடைந்த பிறகே குலுக்கல் நடைபெற்றது. உருகுவே, அர்ஜெண்டினா, பிரேசில், அமெரிக்கா ஆகிய நான்கும் முதன்மைக் குழுக்களாகக் கொள்ளப்பட்டு, ஒன்றோடொன்று தொடக்கத்திலேயே மோதாதவாறு தனித்தனிப் பிரிவுகளில் வைக்கப்பட்டன. பதின்மூன்றை நான்கால் சரியாக வகுக்க இயலாதாகையால், ஒரு பிரிவில் நான்கு குழுக்களும் ஏனையவற்றில் மும்மூன்று குழுக்களும் அமைந்தன. விளைவு, அர்ஜெண்டினா மூன்று ஆட்டங்கள் ஆடி அரையிறுதியை அடைந்தது. போட்டியை நடத்திய உருகுவேக்கு இரண்டே ஆட்டங்கள் போதுமாயின. அன்று இதனை யாரும் பெரிதாகப் பேசவில்லை. போட்டி நடந்ததே பெரிது என்றிருந்த காலம் அது.

அடுத்த இரு போட்டிகளில் பிரிவுகளே இல்லை. தோற்றவர் உடனே வெளியேற வேண்டும் என்ற முறை. 1934இல் பிரேசிலும் அர்ஜெண்டினாவும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இத்தாலிக்கு வந்தன, ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடின, தோற்றன, கப்பலேறின. 1938இல் பிரான்சில் நடந்த போட்டிக்கு இன்றைய இந்தோனேசியாவான டச்சுக் கிழக்கிந்தியாவின் குழு வந்தது. உலகக் கிண்ணத்தில் ஆடிய முதல் ஆசியக் குழு அதுவே. ரைம்ஸ் நகரில் ஹங்கேரியிடம் 6-0 என்று தோற்றதோடு அதன் உலகக் கிண்ண வரலாறு முடிந்தது. அவ்வாண்டின் குலுக்கலில் சீட்டெடுத்தவன் ஒரு சிறுவன். ஃபிஃபா எனும் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் ஜூல்ஸ் ரிமேயின் பேரன். ஒரே ஆட்டத்தில் ஊர் திரும்புவதென்றால் இவ்வளவு தொலைவு வருவானேன் என்ற முணுமுணுப்பு நியாயமானதே. போருக்குப் பிறகு பிரிவு முறை மீண்டும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

1950இல் பிரேசிலில் நடந்த போட்டியின் பிரிவுப் பட்டியலில் இந்தியாவின் பெயர் இருந்தது என்பதை இன்று பலர் அறியார். இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு மூன்றாம் பிரிவில் இந்தியா இடம் பெற்றிருந்தது. குலுக்கல் முடிந்த பின்னர் இந்தியா விலகிக்கொண்டது, பிரான்சும் விலகிக்கொண்டது. எஞ்சிய 13 குழுக்களைக் கொண்டு மறுபடியும் குலுக்கியிருக்கலாம். செய்யவில்லை. இரு பிரிவுகளில் நான்கு குழுக்கள், ஒன்றில் மூன்று, மற்றொன்றில் இரண்டே இரண்டு என்று பட்டியல் நின்றது. அந்த இருவர் பிரிவில் இருந்தவை உருகுவேயும் பொலிவியாவும். உருகுவே ஒரே ஓர் ஆட்டம் ஆடி, 8-0 என்று வென்று, இறுதிக் கட்டத்துக்குச் சென்றது. பிரேசிலோ மூன்று ஆட்டங்கள் ஆடிய பின்பே அங்கு வந்தது. 1950 ஜூலை 16ஆம் நாள் மரக்கானா அரங்கில் உருகுவே பிரேசிலை 2-1 என்று வீழ்த்தியது. உருகுவேயின் திறமையை யாரும் குறைத்துரைக்க முடியாது. ஆயினும் இரு குழுக்களின் கால்களிலும் இருந்த களைப்பு ஒன்றல்லவே.

இந்த வரலாற்றில் மிகவும் விந்தையான பக்கம் 1954ஆம் ஆண்டுக்குரியது. அதனைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் நடந்த அப்போட்டியில் 16 குழுக்கள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு முதன்மைக் குழுக்கள், இரண்டு சாதாரணக் குழுக்கள். வலியோர் தொடக்கத்திலேயே ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளலாகாது என்று கருதிய அமைப்பாளர்கள், ஒரே பிரிவில் உள்ள இரு முதன்மைக் குழுக்களும் தமக்குள் மோதவே வேண்டியதில்லை என்று விதி செய்தனர். அவ்வாறே இரு சாதாரணக் குழுக்களும் மோதா. ஆக, நான்கு பேர் கொண்ட பிரிவில் ஒவ்வொருவருக்கும் இரண்டே ஆட்டங்கள். இரண்டாம் இடத்துக்கு இருவர் சமப் புள்ளி பெற்றால் மறு ஆட்டம்.

முதன்மைக் குழுக்கள் எவை என்பதைத் தகுதிச் சுற்று முடிவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டனர். அப்பட்டியலில் ஸ்பெயின் இருந்தது. ஸ்பெயின் தகுதிச் சுற்றில் துருக்கியைச் சந்தித்தது. மட்ரிட்டில் 4-1 என்று ஸ்பெயின் வென்றது. இஸ்தான்புல்லில் 1-0 என்று துருக்கி வென்றது. கோல் கணக்குப் பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. ரோம் நகரில் மூன்றாவது ஆட்டம். அதுவும் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. இறுதியில் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை அழைத்துச் சீட்டெடுக்கச் செய்தனர். துருக்கியின் பெயர் வந்தது. ஸ்பெயின் வீடு திரும்பியது. அதுவரை சரி. ஆனால் பட்டியலில் ஸ்பெயினுக்கென ஒதுக்கிய முதன்மைத் தகுதியையும் துருக்கிக்கே கொடுத்துவிட்டார்கள்! நாற்காலியில் அமர வேண்டியவர் வரவில்லை என்பதற்காக, வந்தவரை அவர் பெயராலேயே அழைத்தது போன்ற செயல் அது.

துருக்கி அமர்ந்த பிரிவில் ஹங்கேரி மற்றொரு முதன்மைக் குழு. சாதாரணக் குழுக்கள் மேற்கு ஜெர்மனியும் தென் கொரியாவும். போருக்குப் பின் ஃபிஃபாவில் மீண்டும் சேர்க்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மேற்கு ஜெர்மனிக்கு முதன்மை கிட்டவில்லை. எனவே அது ஹங்கேரியையும் துருக்கியையும் சந்திக்க வேண்டும். பிரிவிலேயே எளிய குழுவான தென் கொரியாவை அது சந்திக்கவே வழியில்லை. போரின் வடுக்கள் ஆறாத நாட்டிலிருந்து நெடும்பயணம் செய்து களைத்து வந்த கொரியர்களை ஹங்கேரி 9-0 என்றும் துருக்கி 7-0 என்றும் வென்றன. மேற்கு ஜெர்மனி துருக்கியை 4-1 என்று வென்றது. அடுத்து ஹங்கேரியுடன் ஆட்டம். பயிற்றுநர் செப் ஹெர்பெர்கர் தம் சிறந்த ஆட்டக்காரர் பலரை ஓய்வில் அமர்த்திவிட்டுக் களமிறங்கினார். 8-3 என்று தோற்றார். கோல் கணக்கு எதையும் தீர்மானிக்காது, எப்படியும் துருக்கியோடு மறு ஆட்டம் உண்டு என்பதை அவர் விதிப் புத்தகத்தில் படித்திருந்தார். மறு ஆட்டத்தில் முழுப் பலத்தோடு இறங்கிய ஜெர்மானியர் 7-2 என்று வென்றனர்.

விந்தை அத்தோடு நின்றதா? காலிறுதிக்கு வந்த எட்டுக் குழுக்களில், பிரிவில் முதலிடம் பெற்ற நான்கும் தமக்குள் மோதி ஒன்று மட்டும் இறுதியாட்டத்துக்குச் செல்ல வேண்டும். இரண்டாமிடம் பெற்ற நான்கும் தமக்குள் மோதி ஒன்று செல்ல வேண்டும் என்பது அன்றைய அமைப்பு. முதலிடம் பெற்றதற்குப் பரிசாக ஹங்கேரி பிரேசிலையும், அடுத்து நடப்பு வெற்றியாளரான உருகுவேயையும் சந்தித்தது. உருகுவேயுடனான ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும் நீண்டது. இரண்டாமிடம் பெற்ற மேற்கு ஜெர்மனி யூகோஸ்லாவியாவையும் ஆஸ்திரியாவையும் வென்று வந்தது. 1954 ஜூலை 4ஆம் நாள் பெர்ன் நகரில் மழையில் நடந்த இறுதியாட்டத்தில், முன்னர் எட்டு கோல் வாங்கிய மேற்கு ஜெர்மனி 3-2 என்று வென்று கிண்ணத்தைப் பெற்றது. ஜெர்மானியர் அதனைப் பெர்ன் நகரத்து அற்புதம் என்று போற்றுவர். போற்றட்டும், அற்புதத்தில் ஒரு பங்கு விதிப் புத்தகத்துக்கும் உண்டு.

1958இல் சுவீடனில் முதன்மைக் குழு என்ற ஏற்பாடே கைவிடப்பட்டது. மாற்றாகப் பூகோளம் வந்தது. மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா, பிரிட்டிஷ் தீவுகள், அமெரிக்கக் கண்டங்கள் என நான்கு குடங்கள். குடத்துக்கு ஒன்றாக எடுத்து ஒரு பிரிவு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் தகுதி பெற்ற ஒரே போட்டி அதுவாதலால் அவற்றுக்கெனத் தனிக் குடமே வைக்க முடிந்தது. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பூகோளத்துக்குக் காற்பந்து தெரியாது. பிரேசில், ஒலிம்பிக் வெற்றியாளரான சோவியத் ஒன்றியம், இங்கிலாந்து, முந்திய போட்டியில் மூன்றாமிடம் பெற்ற ஆஸ்திரியா ஆகிய நான்கும் ஒரே பிரிவில் வந்து விழுந்தன.

1970இல் மெக்சிகோவிலும் முதன்மைக் குழுக்கள் இல்லை. நடப்பு வெற்றியாளரான இங்கிலாந்தும், அதுவரை இருமுறை கிண்ணத்தை வென்றிருந்த பிரேசிலும், 1962இல் இறுதியாட்டம் வரை சென்ற செக்கோஸ்லோவாக்கியாவும் ஒரே பிரிவில் சிக்கின. நான்காவது குழு ருமேனியா. ‘மரணப் பிரிவு’ என்ற சொல்லை மெக்சிகோ நாட்டுப் பத்திரிகையாளர்கள் வழக்கில் விட்டது அப்போதுதான் என்பர். இன்று அச்சொல் உலகமெங்கும் பரவி, ஒவ்வொரு குலுக்கலின் மறுநாளும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

1974இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த குலுக்கலில் சீட்டெடுத்தவன் பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு சிறுவன். இரண்டாகப் பிளவுண்டு கிடந்த ஜெர்மனியின் இரு பாதிகளையும் ஒரே பிரிவில் சேர்த்துவைத்தது அவன் கை. ஹம்பர்க் நகரில் கிழக்கு ஜெர்மனி 1-0 என்று வென்று பிரிவில் முதலிடம் பெற்றது. பரிசு? அடுத்த சுற்றில் பிரேசில், நெதர்லாந்து, அர்ஜெண்டினா ஆகிய மூன்றையும் சந்திக்கும் பேறு. தோற்ற மேற்கு ஜெர்மனி எளிய பிரிவுக்குச் சென்று கிண்ணத்தையும் வென்றது. இருபது ஆண்டுகள் கழித்தும் 1954இன் பாடம் கற்கப்படவில்லை.

சிறுவர் கையால் சீட்டெடுக்கும் வழக்கம் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையிலும் ஓலை எடுப்பவன் விவரமறியாச் சிறுவனே. ஆனால் அக்கல்வெட்டை வகுப்பில் நடத்துவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். சிறுவனைப் பற்றி அது பேசுவது சிறிதளவே. யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதலாகாது, எவ்வளவு நிலம், என்ன வயது, என்ன கல்வி, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் என்ன தடை என்பவற்றையே அது விரித்துரைக்கிறது. ஓலை குடத்துள் விழுமுன் செய்ய வேண்டிய வேலையே பெரிது என்பதை அச்சபையார் உணர்ந்திருந்தனர். ஃபிஃபாவுக்கு அது புலப்பட நெடுங்காலம் ஆயிற்று.

1982ஆம் ஆண்டுக் குலுக்கல் மட்ரிட்டில் ஜனவரி 16ஆம் நாள் நடந்தது. அப்போது குழுக்களின் எண்ணிக்கை 24ஆக உயர்ந்திருந்தது. ஸ்பெயின் நாட்டு லாட்டரியில் பயன்படும் சுழலும் கூண்டுகளைக் கொண்டுவந்து, லாட்டரிச் சிறுவர்களையே நிறுத்தியிருந்தனர். கூண்டு சிக்கிக்கொண்டது, பந்து ஒன்று உள்ளேயே உடைந்தது. தென்னமெரிக்காவின் பெருவும் சிலியும், அக்கண்டத்தின் முதன்மைக் குழுக்களான அர்ஜெண்டினா, பிரேசில் ஆகியவற்றோடு சேரலாகாது என்பதற்காக, அவ்விரு பந்துகளையும் முதலில் விலக்கி வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டார்கள். அதனால் பெல்ஜியமும் ஸ்காட்லாந்தும் தவறான பிரிவுகளில் வைக்கப்பட்டு, உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கையில் மாற்றப்பட்டன. பெல்ஜியம் அர்ஜெண்டினாவின் பிரிவுக்கும், ஸ்காட்லாந்து பிரேசிலின் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தன. ஸ்காட்லாந்து மக்களுக்கு அன்றிரவு உறக்கம் வந்திராது.

அந்தக் கூத்து நகைப்போடு போயிற்று. அப்போட்டியில் நிகழ்ந்த மற்றொன்று நகைப்புக்குரியதன்று. அல்ஜீரியா தன் முதல் உலகக் கிண்ண ஆட்டத்திலேயே மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்று வியப்பில் ஆழ்த்தியது. சிலியையும் 3-2 என்று வென்று தன் மூன்று ஆட்டங்களையும் ஜூன் 24ஆம் நாள் முடித்துக்கொண்டது. மறுநாள் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சந்தித்தன. மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வேறுபாட்டில் வென்றால் இரண்டு குழுக்களும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். இக்கணக்கு இரு தரப்புக்கும் தெரியும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மேற்கு ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதன் பிறகு ஏறத்தாழ எண்பது நிமிடங்கள் பந்து ஒருவர் காலிலிருந்து மற்றொருவர் காலுக்கு நகர்ந்தது, அவ்வளவே. பார்வையாளர் கூச்சலிட்டனர், அல்ஜீரியர் பணத்தாள்களை அசைத்துக் காட்டினர். முடிவு 1-0. அல்ஜீரியாவின் முறையீட்டை ஃபிஃபா ஏற்கவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லையாம்! உண்மையே, குறை விதியில் இருந்தது. 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று திருத்தினர். 1978இலேயே, பிரேசிலின் ஆட்ட முடிவை அறிந்துகொண்டு களமிறங்கிய அர்ஜெண்டினா, நான்கு கோல் வேறுபாடு தேவைப்பட்ட நிலையில் பெருவை 6-0 என்று வென்ற போதே இத்திருத்தம் வந்திருக்க வேண்டும்.

சீட்டின் கொடுமை அதன் அப்பட்டமான வடிவில் வெளிப்பட்டது 1990இல், இத்தாலியில். அயர்லாந்தும் நெதர்லாந்தும் ஒரே பிரிவில் புள்ளியிலும் கோலிலும் எள்ளளவும் வேறுபாடின்றி நின்றன. இரண்டாமிடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டனர். அயர்லாந்துக்கு இரண்டாமிடம், அதற்கு எதிரி ருமேனியா. நெதர்லாந்துக்கு மூன்றாமிடம், அதற்கு எதிரி மேற்கு ஜெர்மனி. அயர்லாந்து பெனால்டி உதைகளில் வென்று காலிறுதிக்குச் சென்றது. 1988இன் ஐரோப்பிய வெற்றியாளரான நெதர்லாந்து 2-1 என்று தோற்று வெளியேறியது. அவ்வாண்டே எம். சி. ஜோன்ஸ் என்ற புள்ளியியலாளர், உலகக் கிண்ணக் குலுக்கலின் குறைகளைப் பற்றிக் கணித ஏடொன்றில் எழுதினார். அவர் சுட்டிய குறை சீட்டைப் பற்றியதன்று. குலுக்கும் முறையைப் பற்றியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1992 டிசம்பரில் ஃபிஃபா உலகக் குழுக்களின் தரப்பட்டியலை வெளியிடத் தொடங்கியது. வலிமையை எண்ணால் அளந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் 2014 வரைகூட முதற்குடம் மட்டுமே வலிமையின்படி நிரம்பியது. ஏனைய மூன்றும் கண்டங்களின்படியே நிரம்பின. 2014இல் ஒரு குடத்தில் ஒன்பது ஐரோப்பியக் குழுக்கள் வந்துவிட, ஒன்றை எடுத்து வேறு குடத்துக்கு மாற்றினர். அது இத்தாலி. உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என்று முன்னாள் உலக வெற்றியாளர் மூவர் ஒரே பிரிவில் அடைபட்டனர். நான்காவதாக வந்த கோஸ்டா ரிக்கா முதலிடம் பெற்று எல்லாரையும் திகைக்க வைத்தது என்பது தனிக்கதை. அதே போட்டியில் சுவிட்சர்லாந்து முதன்மைக் குழுவாக இருந்தது. முந்திய போட்டியின் இறுதியாட்டத்தில் ஆடிய நெதர்லாந்துக்கு அத்தகுதி இல்லை. அதன் பிரிவில் வாய்த்ததோ அன்றைய உலக வெற்றியாளரான ஸ்பெயின்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜூலியன் கியோன் அப்போது இக்குறைகளை எண்களோடு எடுத்துக்காட்டினார். நான்கு குடங்களையும் வலிமையின்படியே நிரப்புங்கள். ஒரே கண்டத்தார் சேரலாகாது என்பதைக் குடத்தில் வைக்காமல் விதியில் வையுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 2018 போட்டிக்கு ஃபிஃபா மேற்கொண்டது பெரும்பாலும் அத்தகைய முறையே. ஆனால் தரப்பட்டியலே நேர்மையானதா? அன்றைய கணக்கு முறை சராசரியை அடிப்படையாகக் கொண்டது. நட்புமுறை ஆட்டத்துக்கு மதிப்புக் குறைவு. ஆகவே அதில் வென்றாலும் சராசரி தாழக்கூடும். இதனைக் கண்டுகொண்ட போலந்து நட்புமுறை ஆட்டங்களை மிகக் குறைத்துக்கொண்டு, 2017 அக்டோபர்ப் பட்டியலில் ஆறாமிடத்தில் நின்று முதற்குடத்தில் இடம் பிடித்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் 65ஆம் இடத்திலிருந்த ரஷ்யாவும் முதற்குடத்தில் இருந்தது. எட்டாமிடத்திலிருந்த ஸ்பெயின் இரண்டாம் குடத்துக்குத் தள்ளப்பட்டு, ஐரோப்பிய வெற்றியாளரான போர்த்துகல்லோடு ஒரே பிரிவில் வீழ்ந்தது. போலந்தோ தன் பிரிவில் கடைசி இடம் பெற்றுத் திரும்பியது. தந்திரம் குடம் வரைதான் செல்லும்.

அந்தப் போலந்தின் பிரிவிலேயே ஜப்பானும் செனகலும் எல்லாக் கணக்கிலும் சமமாக நின்றன. மஞ்சள் அட்டைகளை எண்ணினர்: ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. ஜப்பான் முன்னேறியது. அதுவும் சமமாயிருந்தால் சீட்டுத்தான். 2018 ஆகஸ்டு முதல், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்கென வகுத்த கணக்கைத் தழுவி ஃபிஃபா புதிய தரப்பட்டியலை அமைத்தது. அதில் ஆடாமல் இருந்து ஆதாயம் பெறும் பழைய வழி அடைக்கப்பட்டது.

இனி, ஜோன்ஸ் சுட்டிய குறை. அது கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் பள்ளி மாணவரும் தாளில் எழுதிச் சரிபார்க்கத்தக்கது. மூன்றே பிரிவுகள் கொண்ட சிறு போட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதற்பிரிவுக்குத் தலைமை பிரேசில், இரண்டாவதற்கு ஸ்பெயின், மூன்றாவதற்கு மெக்சிகோ. அடுத்த குடத்தில் சிலி, ஜெர்மனி, நைஜீரியா என மூன்று பந்துகள். ஒரே கண்டத்தார் ஒரே பிரிவில் சேரலாகாது என்பது விதி. ஆகவே சிலி பிரேசிலோடும், ஜெர்மனி ஸ்பெயினோடும் சேர முடியாது. விதிக்கு உட்பட்ட அமைப்புகள் மூன்றே உள்ளன. பிரேசில், ஸ்பெயின், மெக்சிகோ என்ற வரிசையில் அவற்றோடு சேர்வன: ஜெர்மனி, சிலி, நைஜீரியா என்பது ஒன்று, ஜெர்மனி, நைஜீரியா, சிலி என்பது இரண்டு, நைஜீரியா, சிலி, ஜெர்மனி என்பது மூன்று. மூன்றுக்கும் சம வாய்ப்பு இருப்பதே நடுவுநிலை.

மண்டபத்தில் நடப்பது யாது? ஒரு பந்தை எடுக்கிறார்கள்; அது செல்லத்தக்க பிரிவுகளுள் முதலாவதில் வைக்கிறார்கள்; தடையிருந்தால் அடுத்த பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். மூன்று பந்துகளும் வெளிவரக்கூடிய வரிசைகள் ஆறு. ஆறையும் பொறுமையாகப் பின்பற்றினால், முதல் அமைப்பு இரண்டு வரிசைகளிலும், இரண்டாவது ஒரே ஒரு வரிசையிலும், மூன்றாவது மூன்று வரிசைகளிலும் கிட்டும். நைஜீரியா பிரேசிலிடம் சிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டியது, இரண்டில் ஒன்றாக உயர்ந்துவிடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. பந்துகள் நன்றாகக் குலுக்கப்பட்டன. எடுத்த கை தூய கை. இருந்தும் தராசு சாய்ந்துவிட்டது. தடை ஏதுமற்ற நைஜீரியா, பிறருக்குள்ள தடைகளின் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது.

மாற்று வழி இல்லாமலில்லை. விதியைப் பாராமல் எல்லாப் பந்துகளையும் எடுத்து வைத்துவிட்டு, ஒரு பிரிவிலேனும் விதி மீறப்பட்டிருந்தால் அனைத்தையும் குடத்திலிட்டு மறுபடியும் தொடங்கலாம். இது முற்றும் சமமான முறை. ஆனால் 32 குழுக்களுக்கு இதனைச் செய்யப் புகுந்தால் எத்தனை முறை திரும்பத் திரும்பக் குலுக்க நேருமோ! தொலைக்காட்சிக்கு அவ்வளவு பொறுமை ஏது? கணினி நொடிப்பொழுதில் செய்துவிடும். கேரத் ராபர்ட்ஸ், ஜெஃப்ரி ரோசன்தால் என்ற புள்ளியியலாளர் இருவர், கணினியின் துணையோடு கையால் பந்தெடுத்தும் சம வாய்ப்பைக் காக்கும் வழிகளை வகுத்துக் காட்டியுள்ளனர்.

2022 கத்தார் போட்டிக்குரிய குலுக்கல் ஏப்ரல் 1ஆம் நாள் நடந்தபோது, மூன்று இடங்களுக்குரிய குழுக்கள் இன்னும் தீர்மானமாகவில்லை. அம்மூன்றையும் வலிமை பாராமல் கடைசிக் குடத்தில் இட்டனர். அவ்விடங்களுள் ஒன்றைப் பின்னர் வென்ற வேல்ஸ் எளியோர் குடத்தில் இருக்கத்தக்க குழுவன்று. மற்றொன்றை வென்ற ஆஸ்திரேலியா பிரிவைக் கடந்து அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஸ்பெயின் வராமலே ஸ்பெயினின் நாற்காலியைத் துருக்கிக்குக் கொடுத்த 1954ஆம் ஆண்டுத் தவறு இங்கே தலைகீழாக நின்றது.

2026 போட்டிக்கு 48 குழுக்கள் என்று முடிவானபோது, மூவர் மூவராக 16 பிரிவுகள் என்பது முதல் திட்டம். மூவர் பிரிவில் கடைசி ஆட்டத்தின்போது ஒருவர் வெறுமனே வேடிக்கை பார்க்க வேண்டும். ஹிஹோனை மறவாத அறிஞர்கள் எச்சரித்தனர். கியோன் அவர்களுள் ஒருவர். 2023 மார்ச்சில் ஃபிஃபா அத்திட்டத்தைக் கைவிட்டு, நால்வர் நால்வராக 12 பிரிவுகள் என மாற்றியது. 2025 டிசம்பர் 5ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த குலுக்கலில், தரப்பட்டியலின் முதல் நான்கு இடங்களிலிருந்த ஸ்பெயின், அர்ஜெண்டினா, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகியவை, தத்தம் பிரிவில் முதலிடம் பெற்றால் அரையிறுதிக்கு முன் சந்திக்காதவாறு பிரித்து வைக்கப்பட்டன. முதலிடம் பெற்றவரைத் தண்டித்த 1954இன் தவறுக்குத் தீர்வு காண எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆயினும் தீர்மானமாகாத ஆறு இடங்கள் இம்முறையும் கடைசிக் குடத்துக்கே சென்றன. மூன்றாமிடம் பெறும் பன்னிரு குழுக்களுள் சிறந்த எட்டு முன்னேறலாம் என்பதால், பிந்தி ஆடும் பிரிவினர் முந்தி ஆடியோரின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு களமிறங்கும் நிலையும் இருக்கிறது.

இதற்கிடையில், 2024 ஆகஸ்டு 29ஆம் நாள் மொனாக்கோவில் ஐரோப்பியச் சங்கங்களின் சாம்பியன்ஸ் லீக் குலுக்கல் நடந்தது. 36 சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு எதிரிகள். முழுவதையும் கையால் எடுத்தால் ஆயிரத்தை நெருங்கும் பந்துகளும் பல மணி நேரமும் வேண்டும் என்று கண்டு, அமைப்பாளர்கள் கணினியை மேடையேற்றினர். சங்கத்தின் பெயரை மட்டும் கையால் எடுத்தார்கள். பொத்தானை அழுத்தியதும் எட்டு எதிரிகளின் பெயர்களும் திரையில் தோன்றின. பொத்தானை அழுத்த நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர் கிறிஸ்தியானோ ரொனால்டோ. கண்ணாடிக் குடத்துள் நடப்பதைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண்களுக்கு அங்கே பார்ப்பதற்கு அவரைத் தவிர வேறொன்றும் இல்லை.